கன்னி மூலைத் தொட்டி

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை ஒளித்து வைத்து என்ன ஆகப் போகிறது? சிலருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிலருக்கு மூட்டு வலி இருக்கிறது, எனக்கு இது. அடுத்த வீட்டு வாசலில் செங்கல் இறங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் பகுதியில் சில வருடங்களாகச் செங்கல் இறங்காத நாளே கிடையாது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ரோட்டிலிருந்து தெற்கே பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. முன்பு இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லையாக, வேர்க்கடலை விளைகிற நிலமாக இருந்த இடம் இப்போது முழுக்க மாடி வீடு. வாடகைக்கு அறை உண்டு என்று தெலுங்கில் ஒரு போர்டு, இங்கிலீஷில் ஒரு போர்டு. தமிழில் எழுதினால் யாரும் வர மாட்டார்கள் போலிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மலை தெரியுமா?" தண்ணீர் வருமா என்று அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும். தெரிந்தது. துணி காயப் போடப் போனால் வடக்கே, கொஞ்சம் மேற்கே தள்ளி, அடிவாரத்திலிருந்து உச்சி வரை முழுசாக நிற்கும். மற்ற நாட்களில் நான் அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன். கார்த்திகை தீபத்தன்று மட்டும் அது எனக்கு வேண்டும். அன்று சாயங்காலம் ஊரில் எல்லாரும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு மாடியில் போய் நிற்போம். உச்சியில் தீபம் தெரிந்ததும் அரோகரா என்று ஊரே ஒரு சத்தம் போடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவது. தெருமுனைக்குப் போனாலும் தீபம் தெரியும், பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் தெரியும். அது வேறு. என் மாடியில் நின்று, என் கண்ணால் பார்த்து, என் கையால் முதல் அகலை ஏற்ற வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மாமனார் இருந்தபோதே மனையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மூத்த மகனுக்குத் தெற்குப் பாகம், இளையவனுக்கு வடக்குப் பாகம். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் பிரிப்பார்கள். மூத்தவன் தெற்கிலோ மேற்கிலோதான் இருக்க வேண்டும். மூத்தவன் பெண்டாட்டி நான். தெற்கு எங்களுக்கு என்று பெரியவர்கள் முன்னால் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுப் புடவையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டு காபி கொடுத்தேன். மலை வடக்கே இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

வடக்கு வீட்டுக்காரி என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. எனக்குப் பல வருடம் பின்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்தவள். அவள் வாய் அதிர்ந்து பேச மாட்டாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நான் சிடுசிடுத்தாலும் அக்காதான். இதுவே எனக்குப் பாதி எரிச்சல். சண்டைக்காரியாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அவள் வைத்த கறிவேப்பிலை மரமாகிறது, என்னுடையது அதே முழங்கால் உயரத்தில் நிற்கிறது. அவள் முன்னறையை வாடகைக்கு விட்டாள், நெல்லூரிலிருந்து வந்த ரிடையர்டு தம்பதி தங்கமாக அமைந்தார்கள். நான் விட்ட அறைக்கு வந்தவன் கிடாரை எடுத்து வைத்துக்கொண்டு பகலெல்லாம் ஒரே பாட்டைப் பாடினான்.

ஒரு நாள் காலையில் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொன்னாள்.

"அக்கா, மேல ஒரு மாடி எழுப்பலாம்னு இருக்கோம். நம்ம தெலுங்கு மேடம் இருக்காங்களே, மலை தெரியற மாதிரி வீடு குடுத்தா கடைசி வரைக்கும் இங்கயே இருந்துடறோம்னு சொல்றாங்க."

"நல்லதும்மா. கட்டுங்க," என்றேன். கையில் இருந்த கீரைக் கட்டைத் தண்டோடு சேர்த்து நசுக்கியிருக்கிறேன் என்று உள்ளே வந்த பிறகுதான் பார்த்தேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். அவருக்கு ஊருக்குள் மின்சாமான் கடை.

"ஏங்க, உங்க தம்பி மாடி கட்டறாராம்."

"தெரியும். எங்கிட்ட கேட்டுட்டுதான் செய்யறான்."

"கேட்டாரா? நீங்க இன்னா சொன்னீங்க?"

"கட்டுடானேன்."

"மலைய மறைச்சிடுமே."

"மலைய யாராலடி மறைக்க முடியும்," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். கையோடு கரண்டியையும் போட்டிருப்பேன், பொறுத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தார்கள். கட்டுகிற வீட்டில் திருஷ்டி பொம்மை கட்டுவது எல்லாரும் செய்வதுதான். பழைய பேண்ட் சட்டையில் வைக்கோல் திணித்து, சட்டியில் கண்ணும் மூக்கும் வரைந்து, நாக்கைத் தொங்கவிட்டு மேலே கட்டிவிடுவார்கள். ஆனால் தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள், போகிற வருகிறவர்கள் கண்பட. அவள் வீட்டுப் பொம்மை என் சமையல்கட்டு சன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அது போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை என் வீட்டுக்காரருடையது.

"தம்பி ஒரு பழைய சட்ட கேட்டான். குடுத்தேன். அதுக்கு இன்னா இப்போ?" என்றார் அவர்.

என் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு பூதம் என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இட்லி ஊற்றும்போதும் நிற்கிறது, தட்டு கழுவும்போதும் நிற்கிறது. யாருக்காகக் கட்டியிருக்கிறாள் என்று புரியாத அளவுக்கு நான் ஒன்றும் அசடு இல்லை. மேஸ்திரியைக் கேட்டேன். அந்தப் பக்கம்தான் கட்டுவதற்குக் கழி இருந்தது என்றார். அவரும் அவர்கள் ஆள்தானே.

சுவர் எழும்ப எழும்ப என் மாடியிலிருந்து மலை குறைந்துகொண்டே வந்தது. முதலில் அடிவாரத்து மரங்கள் போயின. சன்னல் மட்டம் வந்தபோது பாதி மலை போய்விட்டது. இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது. போளூர்ப் பக்கம் ஒரு வாஸ்துக்காரர் இருக்கிறார், கண்டிப்பானவர், எழுப்பிய சுவரையே இடிக்கச் சொல்லுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆட்டோ வைத்து நானே கூட்டி வந்தேன். குடும்பத்துக்கு நல்லது, ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குத் தோணவே இல்லக்கா," என்றாள்.

அவர் போனில் திசை காட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். நானே எடுத்துக் கொடுத்தேன்.

"தெற்கு வீடு தாழ்ந்து வடக்கு வீடு உசந்து இருக்கலாமா சாமி?"

"கூடாது," என்றார். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வார்த்தையில் அதைக் கெடுத்தார். "மூத்தவருக்கு ஆகாது. அதனால இன்னா, நீங்களும் மேல எழுப்பிடுங்க. சரியாப் பூடும்."

என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வாஸ்துக்காரர் மேலே ஏறிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி எங்கே வருகிறது என்று கேட்டார். மேஸ்திரி வடகிழக்கு மூலையைக் காட்டினார். குளியலறை அந்தப் பக்கம், குழாய் இழுப்பதும் கம்மி.

"ஈசானிய மூலைல பாரம் ஏத்துவீங்களா? வீடு விளங்குமா? கன்னி மூலைக்குக் கொண்டு போங்க. தென்மேற்குதான் உசரமா இருக்கணும். படிக்கட்டு அந்தப் பக்கம்தானே வருது, அந்த ரூம் மேல தொட்டிய வச்சிடுங்க."

மேஸ்திரி முணுமுணுத்தார். குழாய் முழுக்க மாற்ற வேண்டும், வேலை ஜாஸ்தி ஆகும் என்றார். எனக்கு அதைக் கேட்க இனிப்பாக இருந்தது. மாடியை நிறுத்த முடியவில்லை, குழாயையாவது மாற்ற வைக்கலாமே.

"அவரு சொல்றத கேளுங்க மேஸ்திரி. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று அழுத்திச் சொன்னேன். ஓரகத்தியும் தலையாட்டினாள். தொட்டி கன்னி மூலைக்கு வந்தது.

காங்கிரீட் போட்ட அன்று உச்சியும் போய்விட்டது. ஆட்களுக்குப் போட்ட பிரியாணியில் எங்களுக்கும் ஒரு தூக்கு அனுப்பினாள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

அதன் பிறகு என் வீட்டில் நான் பேச்சைக் குறைத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில். உப்புப் போட வேண்டிய இடத்தில் உப்பைப் போட்டேன், மற்றபடி ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் நான் கத்தினால் தாங்குவார், பேசாவிட்டால் தாங்க மாட்டார்.

"இப்போ இன்னாதான் பண்ணணும்கற?" என்றார் கடைசியில்.

"வாஸ்துக்காரரு சொன்னது உங்களுக்காகத்தான். மூத்தவருக்கு ஆகாதாம். எனக்கு மாடியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

எங்கள் சக்திக்கு முழு மாடி முடியாது. மேற்குப் பக்கமாக ஒரே ஒரு அறை, அதற்கு மேலே ஏறிப் போக இரும்பு ஏணி. மேற்குதான் பாரம் தாங்கும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார், கிழக்கை அப்படியே விட்டோம். வேலை தொடங்கியதும் நான் முதலில் செய்தது திருஷ்டி பொம்மை. சட்டைக்கு ஓரகத்தியிடமே போனேன்.

"கொழுந்தனாரு பழைய சட்ட ஒண்ணு குடும்மா. பொம்மைக்கு."

நீலச் சட்டை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தாள். இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். பொம்மைக்குப் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பவளை என்ன செய்வது? அவள் சன்னலைப் பார்த்துக் கட்டினேன், நாக்கை இன்னும் கொஞ்சம் நீளமாகவே விட்டு.

அவர்கள் வீட்டை விட என் அறைக்கு எல்லாம் ஒரு படி மேலாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவள் வெள்ளை டைல்ஸ் போட்டாள், நான் பூப் போட்டது போட்டேன். அவள் சன்னலுக்குச் சாதாரணக் கம்பி, நான் வளைத்து வளைத்து மயில் வைத்தேன். அந்த மயிலைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்தார். கோழியாட்டம் இருக்கிறதாம். இருக்கட்டும்.

தளத்தில் தண்ணீர் கட்டி வைத்து, அது காய்ந்து, ஏணியை வெல்டிங் செய்து முடித்த அன்று சாயங்காலம் நான்தான் முதலில் ஏறினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து. மேலே நின்று வடக்கே திரும்பினேன்.

மலை இருந்தது. அடிவாரம் இருந்தது, இரண்டு பக்கச் சரிவும் இருந்தது, நடுவில் இருக்கிற பாறைகூடத் தெரிந்தது. உச்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தொட்டி இருந்தது.

வலது பக்கம் நகர்ந்தேன். தொட்டியும் கூடவே வந்தது. இன்னும் நகர்ந்தால் அறையின் விளிம்பு, கீழே விழ வேண்டியதுதான். இடது பக்கம் போனேன், எட்டிப் பார்த்தேன், குதிகாலைத் தூக்கினேன். தொட்டி, படிக்கட்டு அறை, மறுபடி தொட்டி. மூடி மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. கன்னி மூலை. போளூரிலிருந்து ஆட்டோ வைத்து நானே கூட்டி வந்து, நானே வாதாடி வைத்த தொட்டி. மேஸ்திரி சொன்ன மூலையில் விட்டிருந்தால் அது மலைக்குக் குறுக்கே வந்தே இருக்காது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காக்காவைத் திட்டினேன்.

அப்போது பார்த்து எதிர் மாடியில் ஓரகத்தி துணி எடுக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏறிட்டீங்களாக்கா. மலை தெரியுதா? எங்க தொட்டி ஏதாச்சும் மறைக்குதா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அவள் உச் கொட்டுவாள். அய்யோ அக்கா என்பாள். என்னைப் பார்த்து இரக்கப்படுவாள். அவள் என்னைப் பார்த்து இரக்கப்படுவதை விட நான் ஏணியிலிருந்து விழுந்திருக்கலாம்.

"நல்லாத் தெரியுது," என்றேன். "உங்க மாடிய விட இங்க நல்லாத் தெரியுது."

சொன்னதோடு நிற்கவில்லை. பால்காரரிடம் சொன்னேன், பூக்காரம்மாவிடம் சொன்னேன். எங்கள் மேல் மாடியில் நின்றால் உச்சி கையால் தொடுகிற மாதிரி இருக்கிறது என்று கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு ஏணி ஏற முழங்கால் விடாது, அதனால் அவரும் நம்பினார். ஏற ஆசைப்பட்டவர்களுக்கு ஏணி ஆடுகிறது என்று சொல்லி வைத்தேன்.

கார்த்திகை வந்தது. தீபத்தன்று காலையிலிருந்தே செங்கம் ரோட்டில் கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வாடகை வண்டி ஓட்டுகிற கொழுந்தனார் சவாரிக்குப் போய்விட்டார், என் வீட்டுக்காரர் கடையில் மாட்டிக்கொண்டார். நான் ஒரு முடிவோடு இருந்தேன். தனியாக ஏறி நிற்பது, ஊர் அரோகரா போட்டதும் அகலை ஏற்றிவிட்டு இறங்குவது. யாருக்குத் தெரியப் போகிறது?

சாயங்காலம் அகலுக்கு எண்ணெய் ஊற்றி மேலே கொண்டு போய் வைத்தேன். கீழே ஏணி கிறீச்சிட்டது. ஒரு தட்டு முதலில் வந்தது, தட்டு நிறைய அகல். பின்னால் ஓரகத்தியின் தலை வந்தது. பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"ஏணி ஆடுதுனு சொன்னேனே," என்றேன்.

"ஆடலியேக்கா. கெட்டியாத்தான் இருக்குது." தட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்கையில் ஒட்டிய துருவைத் தட்டினாள். "தெலுங்கு மேடம் அவங்க சொந்தக்காரங்கள எல்லாம் கூட்டினு வந்துட்டாங்க. மாடி பூரா ஜனம். நாங்க மட்டும் இருந்துக்கறோமேனு கேட்டாங்க. சரி, அக்கா வீட்லதான் நல்லாத் தெரியுமே, நாம அங்க போயிடலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே மலைப் பக்கம் திரும்பினாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரியைச் சரி செய்தேன். சரியாக இருந்த திரியைத்தான் சரி செய்தேன். அவள் வலது பக்கம் நகர்ந்தாள், இடது பக்கம் நகர்ந்தாள், குதிகாலைத் தூக்கினாள். நான் போன இடத்துக்கெல்லாம் அவளும் போனாள்.

"அக்கா. இது எங்க தொட்டி."

"தெரியும்."

"அன்னிக்கு கேட்டனே. ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ சந்தோஷப்பட்டிருப்ப."

அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை.

"பட்டிருப்பேன்," என்றாள். "உங்களுக்குத் தெக்குப் பாகம் குடுத்தப்போ மூணு நாள் அழுதேன்க்கா. சட்டைய இஸ்திரி போட்டப்போ காலரக் கருக்கலாமானு பாத்தேன்."

இத்தனை வருடம் இந்தக் குடும்பத்தில் எரிந்தது என் வயிறு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்கள். சந்து இருட்டியது. எதிர் மாடியில், அவள் கட்டிய மாடியில், கைப்பிடிச் சுவரோரம் வரிசையாகத் தலைகள். எல்லாத் தலையும் வடக்கே பார்த்து நின்றன. நாங்கள் இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்து நின்றோம்.

அரோகரா என்று முதலில் தூரத்தில் கேட்டது. அப்புறம் ரோட்டில், சந்தில், எல்லா மாடியிலும். வெடி போட்டார்கள். எதிர் மாடிக்காரர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். சிலர் அழுதார்கள். அத்தனை பேர் மேலும் எனக்குப் பொறாமை. பக்கத்தில் திரும்பினேன். அவள் தன் மாடியில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை இறுக்கி, கண்ணைச் சுருக்கி. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிர் மாடியிலிருந்து நெல்லூர் அம்மாள் எங்களைக் கண்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, அவருடைய தெலுங்கு கலந்த தமிழில் சத்தமாகக் கேட்டார்.

"அம்மா, மீரு இங்க வந்து பாக்கறீங்களா? அங்க தீபம் தெரியுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"நல்லாத் தெரியுது மேடம்," என்றாள். "உங்க மாடிய விட இங்க நல்லாத் தெரியுது."

சொல்லிவிட்டு, தொட்டியைப் பார்த்து உட்கார்ந்து, என்னிடம் தீப்பெட்டியைக் கேட்டாள்.